தொடுவதற்கு முன் சொல்லுங்கள்: வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வருகிறவர்களுக்கு

சென்னையில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் எனக்கு ஒன்பது வருடம் ஆகிறது. அட்டெண்டர், ஹோம் நர்ஸ், கேர்டேக்கர், ஆயா என்று வீட்டுக்கு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பெண்கள் போன் செய்தால் முதலில் கேட்பது, "அக்கா, படுத்த படுக்கையா இருக்கவங்கள எப்படிக் குளிப்பாட்டுறது?" என்பதுதான். அதோடு, பல் விளக்குவதிலிருந்து ராத்திரி பக்கம் திருப்பிப் படுக்க வைப்பது வரைக்கும் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். அப்பாவையோ மாமியாரையோ வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்கிறவர்களாக இருந்தாலும் இது உதவும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டீச்சரம்மாவைப் பார்த்துக்கொண்டேன். பக்கவாதத்தில் வலது கை, கால் வரவில்லை. முதல் நாள் காலை வெந்நீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நேராகப் போய் போர்வையை விலக்கினேன். அவர் இடது கையால் போர்வையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. "அம்மா அடம் பிடிக்கிறாங்கக்கா" என்று மருமகளிடம் போய்ச் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அவங்க முப்பது வருஷம் டீச்சர்மா, கேட்டா குடுப்பாங்க, பிடுங்கினா குடுக்க மாட்டாங்க" என்றார். மறுநாள், "அம்மா, இப்ப முகம் துடைக்கப் போறேன், அப்புறம் இந்தக் கை" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தேன். போர்வையை அவரே விட்டார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் சொல்லாமல் யார் உடம்பையும் நான் தொடுவதில்லை. பேச முடியாதவர், நினைவே இல்லாதவர் என்றாலும் சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். கீழே எழுதியிருக்கிற ஒவ்வொரு வேலைக்கும் இது பொருந்தும் என்பதால் திரும்பத் திரும்ப எழுதவில்லை.

முதல் நாள் கேட்க வேண்டியவை

வேலையைத் தொடங்கும் முன் வீட்டாரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள், ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் பலம் இல்லை, சர்க்கரை இருக்கிறதா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா (சின்ன வெட்டுக்கும் ரத்தம் நிற்காமல் வரும், ஷேவிங் செய்யும்போது இது முக்கியம்), தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறதா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த டாக்டரைக் கூப்பிட வேண்டும். இதெல்லாம் எல்லோரும் கேட்பார்கள். கேட்காமல் விடுவது அவருடைய பழக்கங்களைத்தான். காபி குடித்த பிறகு குளிப்பவரா, குளித்த பிறகு காபியா? எந்தப் பெயரில் கூப்பிட்டால் பிடிக்கும்? குளித்ததும் விபூதி வேண்டுமா, பொட்டு வேண்டுமா, ஜபமாலை கையில் இருக்க வேண்டுமா, தொழுகை நேரம் உண்டா? நாற்பது வருடமாகக் காலை ஐந்தரை மணிக்குக் காபி குடித்தவருக்கு எட்டு மணிக்குக் கொடுத்தால் அன்றைக்கு முழுக்க அவர் முகம் சரியாக இருக்காது.

வளையல், தோடு, மோதிரம் எதையாவது கழற்ற வேண்டியிருந்தால் வீட்டார் முன்னால் கழற்றி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தாலியை யாரையும் கேட்காமல் கழற்றாதீர்கள்.

காலையில்

உள்ளே போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் சேர்த்து 40 முதல் 60 விநாடி. மலம், சிறுநீர், புண் எதைத் தொடுவதாக இருந்தாலும் கிளவுஸ் போடுங்கள். மலம் துடைத்த கிளவுஸோடு முகத்தைத் தொடக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள், ஆனால் அவசரத்தில் அதைச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாயைச் சுத்தம் செய்வதை நிறைய பேர் ஒப்புக்குச் செய்கிறார்கள். வாய் அழுக்காக இருந்தால் அங்கே சேரும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம், அதனால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கட்டாயம். உட்கார வைத்து, மென்மையான பிரஷ், கொஞ்சமாகப் பேஸ்ட். அவருக்குக் கை வருமானால் பிரஷ்ஷை அவர் கையிலேயே கொடுங்கள், மெதுவாகத்தான் செய்வார், செய்யட்டும். பக்கவாதம் வந்தவருக்கு வராத பக்கக் கன்னத்துக்குள் நேற்றைய சோறு அப்படியே ஒதுங்கி இருக்கும், அவருக்கே தெரியாது. அங்கே விரல்விட்டுப் பார்க்காமல், துணி சுற்றிய ஸ்பூன் காம்பால் கன்னத்தை ஒதுக்கிப் பாருங்கள், விரலைக் கடித்துவிடக்கூடும். நினைவில்லாதவராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும், வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. பல் செட்டை ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். கழுவும்போது கீழே ஒரு டவலை விரித்துக்கொள்ளுங்கள், கை நழுவி விழுந்தால் உடைந்துவிடும்.

குளியல்

எழுந்து நடப்பவரைப் பாத்ரூமில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தே குளிப்பாட்டுங்கள். கால் நான்கிலும் ரப்பர் இருக்கிற, கை வைத்த நாற்காலியாக இருக்கட்டும். தரை காய்ந்திருக்க வேண்டும், வெளியிலிருந்து திறக்க முடியாதபடி தாழ்ப்பாள் போடக் கூடாது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தே ஆக வேண்டும் என்கிற பாட்டிகள் இருக்கிறார்கள், ஆசையாகத்தான் இருக்கும், மறுக்காதீர்கள். தலைக்கு மட்டும் எண்ணெய் வைத்து, உட்கார வைத்தே சீயக்காய் போட்டு அலசிவிட்டு, அவரை எழுப்புவதற்கு முன் தரையையும் அவர் பாதத்தையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் படிந்த தரையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தால் அந்த வயதில் மீண்டு வருவது பெரும் பாடு.

எழுந்திருக்க முடியாதவருக்குப் படுக்கையிலேயே துடைத்துவிடுவதுதான். இதில் பாதி வேலை தயார் செய்வதில் இருக்கிறது. இரண்டு பேசின், ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர், மூன்று நான்கு சின்னத் துணி, இரண்டு டவல், மாற்றுத் துணி, விரிப்பு, கிளவுஸ், குப்பைக் கவர் எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில் வந்த பிறகுதான் போர்வையில் கை வைக்க வேண்டும். பாதியில் "சோப்பை மறந்துட்டேன்" என்று ஓடினால் அவர் ஈர உடம்போடு கிடப்பார். மின்விசிறியை நிறுத்துங்கள், கதவைச் சாத்துங்கள், ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். வெந்நீரின் சூட்டை உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், தினமும் வெந்நீரில் புழங்கிய உள்ளங்கைக்குச் சூடு சரியாகத் தெரியாது.

துடைக்கும் வரிசை ஒன்று உண்டு. முதலில் கண், சோப்பு இல்லாமல், மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாக, ஒரு கண்ணுக்கு ஒரு துணி முனை. பிறகு முகம், கழுத்து, கைகள், அக்குள், மார்பு, வயிறு, கால்கள், முதுகு, கடைசியாக மறைவிடம். கடைசிக்கு முன் தண்ணீரையும் துணியையும் மாற்றிவிடுங்கள். துடைக்கிற பகுதி மட்டும் வெளியே தெரியட்டும், மற்றதெல்லாம் போர்வைக்குள்ளேயே இருக்கட்டும். கை வருகிறவர் என்றால் மறைவிடத்தை அவரே துடைத்துக்கொள்ளச் சோப்புத் துணியைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நிமிடம் அவருக்கு எவ்வளவு பெரியது என்று பிறகு உங்களிடம் அவர் பேசுகிற விதத்தில் தெரியும். பெண்களுக்கு எப்போதும் முன்னாலிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும், பின்னாலிருந்து முன்னால் வந்தால் மலக்கிருமி சிறுநீர் வழிக்குள் போய்விடும். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் செய்தால் மறக்காமல் பழையபடி முன்னுக்கு இழுத்துவிட வேண்டும், அப்படியே விட்டால் வீங்கி இறுகிவிடும். கூச்சப்பட்டு யாரும் சொல்லித்தராத விஷயம் இது, அதனால்தான் எழுதுகிறேன்.

தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மார்புக்கு அடியில், தொடை இடுக்கில், கால் விரல் நடுவில் ஈரம் நின்றால் அங்கே வேர்த்துச் சிவந்து படை வந்துவிடும். பவுடரை அள்ளிப் போட்டால் ஈரத்தில் கட்டிகட்டியாகி உராயும், நன்றாகக் காய வைத்தாலே போதும். வறண்ட தோலுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம், கால் விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். சர்க்கரை உள்ளவரின் பாதத்துக்குச் சூடே தெரியாமல் இருக்கலாம், அவருக்கு வெந்நீர்ப் பை வைப்பதும் வெந்நீரில் காலை ஊற வைப்பதும் கூடாது. அப்புறம், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, கெண்டைக்காலில் வலி இருந்தால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், உருவினால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும். அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டியது அது.

படுக்கையிலேயே தலைக்குக் குளிப்பாட்டவும் முடியும். ரப்பர் ஷீட்டின் இரண்டு ஓரத்தையும் உள்பக்கமாகச் சுருட்டினால் நடுவில் வாய்க்கால் மாதிரி ஆகும். தலைக்கு அடியில் அதை வைத்து, மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே இருக்கிற வாளிக்குள் விட்டுவிட்டால் தண்ணீர் சிந்தாது.

துணி மாற்றும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: போடும்போது வராத கைக்கு முதலில், கழற்றும்போது நல்ல கையிலிருந்து முதலில். பெண்களுக்கு முன்பக்கம் திறக்கிற நைட்டி, ஆண்களுக்குக் கைலி. முழு நேரமும் படுக்கையில் இருப்பவருக்குப் பழைய நைட்டியின் முதுகுப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை வெட்டி நாடா தைத்துவிட்டால் தூக்காமலே மாற்றலாம்.

திருப்புவதும் எழுப்புவதும்

தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவருக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும், ராத்திரியிலும் வீட்டில் யாராவது செய்ய வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு அழுந்தும், அதனால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று வைத்துக் குதிகால் மெத்தையைத் தொடாதபடி. ஏர் பெட் வாங்கியாகிவிட்டது, இனிமேல் திருப்ப வேண்டாம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அது அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான், திருப்புவது திருப்புவதுதான். நடுவில் ஓட்டை உள்ள வட்டத் தலையணையும் வேண்டாம், ஓட்டையைச் சுற்றி அழுத்தி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

மேலே நகர்த்தும்போது அக்குளில் கை கொடுத்து இழுத்தால் முதுகுத் தோல் விரிப்போடு உரசிப் பிய்ந்துவிடும். பழைய பருத்தி வேட்டி ஒன்றை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி அவருக்கு அடியில் போட்டு வையுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் வேட்டியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லித் தூக்கி நகர்த்தினால் அவருக்கும் வலிக்காது, உங்கள் இடுப்பும் பிழைக்கும். பருத்திதான் வேண்டும், பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது.

ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் பின்தலை, காது, தோள்பட்டை, முழங்கை, முதுகின் அடி, இடுப்பு, கணுக்கால், குதிகால் எல்லாவற்றையும் பாருங்கள். புத்தகத்தில் "சிவந்திருக்கும்" என்று போட்டிருப்பார்கள். நம் கறுத்த தோலில் சிவப்பு அவ்வளவு சுலபமாகத் தெரியாது. சுற்றி இருக்கிற தோலைவிட அடர்ந்த நிறமாக, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுதான் படுக்கைப்புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், எண்ணெய் போட்டு அழுத்தாதீர்கள், உள்ளே ஏற்கெனவே நொந்திருக்கிற சதை இன்னும் சேதமாகும். அந்தப் பக்கமாகப் படுக்க வைப்பதை நிறுத்திவிட்டு வீட்டாரிடமும் நர்ஸிடமும் அன்றே காட்டுங்கள்.

எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கும்போது நாற்காலி அவருடைய நல்ல பக்கத்தில் இருக்கட்டும், வீல்சேர் என்றால் இரண்டு பிரேக்கும் போட்டிருக்க வேண்டும். படுத்தவரைச் சட்டென்று நிறுத்தினால் பி.பி. இறங்கித் தலை சுற்றும், அதனால் கட்டில் ஓரத்தில் கால் தரையில் படுகிற மாதிரி இரண்டு நிமிடம் உட்கார வையுங்கள். வராத காலின் முட்டிக்கு உங்கள் முட்டியை முட்டுக் கொடுங்கள். இடுப்பில் கட்டிய அகலமான பெல்ட்டைப் பிடித்துத் தூக்குங்கள், வராத கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள். மீறி விழப்போனால் தாங்கிப் பிடிக்கப் பார்க்காமல், உங்கள் உடம்போடு சாய்த்து, தொடை வழியாக மெதுவாகத் தரையில் உட்கார வைத்துவிடுங்கள்.

யூரின், மோஷன்

காலைச் சாப்பாடு முடிந்து இருபது முப்பது நிமிடத்தில் குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தில் கமோடு சேரில் உட்கார வைத்தால் பாதிப் பேருக்கு டயப்பரில் போக வேண்டிய நிலையே வராது. உட்கார வைத்துவிட்டு, மணியைக் கையில் கொடுத்து, கதவுக்கு வெளியே நில்லுங்கள். மோஷன் போன நாளை நோட்டில் குறியுங்கள், மூன்று நாள் ஆகியும் போகவில்லை என்றால் சொல்லுங்கள்.

டயப்பரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். மோஷன் போயிருந்தால் உடனே மாற்ற வேண்டும், "இன்னும் இடம் இருக்கு, விலை அதிகம்" என்று விட்டால் தோல் வெந்துபோகும். டியூப் போட்டிருந்தால் யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. திருப்பும்போது பையைத் தூக்கி வயிற்றின் மேல் வைப்பது நிறைய பேர் செய்கிற தவறு, யூரின் திரும்ப உள்ளே போய்விடும். மூன்றில் இரண்டு பங்கு நிறையும் முன் காலி செய்யுங்கள். டியூபை உடம்புப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள்.

படுக்கை நனைகிறது என்று தண்ணீரே கொடுக்காமல் விடுகிற வீடுகள் உண்டு. கோபப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள்: தண்ணீர் குறைந்தால் யூரினில் இன்ஃபெக்‌ஷன் வரும், மலச்சிக்கல் வரும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் அளவு சொல்லாதவரை, பகலில் நன்றாகக் கொடுத்து மாலைக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தால், வயசாகிவிட்டது என்று விடாதீர்கள். யூரின் இன்ஃபெக்‌ஷன் சில சமயம் அப்படித்தான் முதலில் தெரியும்.

சாப்பாடு

நேராக உட்கார வைத்து, டிவியை நிறுத்திவிட்டு, நீங்களும் அவருக்கு எதிரே உட்கார்ந்து கொடுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை நிமிர்த்துவார், நிமிர்ந்த தொண்டையில் புரை ஏறும். டீஸ்பூனில் பாதி, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. பக்கவாதம் வந்தவருக்கு வெறும் தண்ணீரும் ரசமும்தான் ஆபத்து, கெட்டியான கஞ்சியும் குழைந்த பருப்புச் சோறும் சுலபமாக இறங்கும். சாப்பிடும்போது இருமினாலோ, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி கரகரத்தாலோ நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும். மூக்கில் டியூப் இருப்பவருக்கு ஊட்டுவதையும் இன்சுலின் போடுவதையும் முறையாக யாராவது சொல்லித் தராமல் நீங்களாகச் செய்யாதீர்கள். மாத்திரையின் அளவை மாற்றுவது நம் வேலையே இல்லை.

குளிக்க மாட்டேன் என்பவர்கள்

மறதி நோய் உள்ளவர் "நான் குளிச்சாச்சு" என்பார். இல்லை என்று வாதாடினால் தோற்றுவிடுவீர்கள். சரி என்று சொல்லிவிட்டுப் போய், அரை மணி கழித்து வந்து, "ஐயா, கையை மட்டும் கழுவிக்கலாமா?" என்று ஆரம்பியுங்கள். தலையில் திடீரென்று தண்ணீர் விழுவதுதான் அவர்களுக்குப் பயம், பாதத்தில் தொடங்கி மேலே போனால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அப்படியும் வேண்டாம் என்றால் அன்றைக்கு முகமும் அக்குளும் மறைவிடமும் துடைத்தால் போதும். இழுத்துப் பிடித்துக் குளிப்பாட்டாதீர்கள், அடுத்த நாள் உங்களைப் பார்த்தாலே நடுங்குவார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. துடைக்கும்போது தப்பாகக் கை வைக்கிற ஆண்கள் இருக்கிறார்கள். "இது வேண்டாம் ஐயா" என்று சத்தமாகத் தெளிவாகச் சொல்லுங்கள், வேலையை நிறுத்துங்கள், அன்றே வீட்டாரிடமும் ஏஜென்சியிடமும் சொல்லுங்கள். மறதி நோயால் செய்தாலும் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆண் அட்டெண்டர் போடச் சொல்லலாம்.

யாரைக் கூப்பிடுவது

முகம் ஒரு பக்கம் கோணினால், பேச்சு குழறினால், கை தொங்கினால் நேரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு உடனே 108. மூச்சுத் திணறல், மார்பு வலி, நினைவு தப்புவது எல்லாவற்றுக்கும் அதேதான். மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது, முதியோர் உதவிக்கு 14567. வசதி இல்லாத வீடுகளில் வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள்: 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பி.பி., சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி நிவாரணச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்தால் போதும். இதைத் தெரியாமலே பிசியோதெரபிக்குக் கடன் வாங்கிய குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன்.

டியூட்டி முடியும்போது நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்: என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர், யூரின் எவ்வளவு, என்ன நிறம், மோஷன், கடைசியாக எந்தப் பக்கம் எத்தனை மணிக்குத் திருப்பியது, தோலில் எங்கே என்ன பார்த்தீர்கள். ராத்திரி வருகிறவர் அதை வைத்துத்தான் அடுத்த பக்கம் திருப்புவார். மணி, கண்ணாடி, தண்ணீர் மூன்றும் நல்ல கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "அம்மா, நான் கிளம்புறேன், இப்ப ராத்திரிக்கு வேற அக்கா வருவாங்க, நான் காலையில ஏழு மணிக்கு வந்துடுவேன்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.